கல்லூரியா, தாலுகாவா, பயிற்சித் திட்டமா? புதிய நிருபர் தொழில் கற்கும் வழிகள்

அதிகாலையில் நெடுஞ்சாலையோரம் நின்ற லாரி மீது வேன் மோதி மூவர் இறந்தனர் என்பது மாவட்டப் பதிப்புகளில் அடிக்கடி வரும் செய்திதான். ஆனால் தகவல் திரட்டுவது, சரிபார்ப்பது, எழுதுவது, சட்டத்துக்கு உட்பட்டு நடப்பது என ஒரு புதிய நிருபர் கற்க வேண்டிய அடிப்படை வேலைகள் எல்லாம் அந்தப் பத்து வரிக்குள் அடங்கிவிடுகின்றன. ஆகவே, தமிழ்நாட்டில் இத்தொழிலுக்குள் நுழைய இருக்கும் மூன்று வழிகளையும் இந்த விபத்துச் செய்தியை வைத்தே பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

முதல் வழி, எந்தப் படிப்பும் இல்லாமல் ஒரு நாளிதழுக்குத் தாலுகா அளவில் பகுதிநேர நிருபராகச் சேர்வது. விபத்து நடந்த அரை மணி நேரத்தில் அவருக்குத் தகவல் வந்துவிடும். சொல்பவர் சாலையோர டீக்கடைக்காரராகவோ ஆம்புலன்ஸ் ஓட்டுநராகவோ இருப்பார். காவல் நிலையத்தில் ஆய்வாளரைவிட, வழக்குப் பதிவுகளை எழுதும் ரைட்டரிடம்தான் விவரம் கிடைக்கும் என்பதும், திங்கள்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் மேடைக்கு முன்னால் உட்காருவதைவிட மனு எழுதிக் கொடுப்பவர்கள் பக்கத்தில் நின்றால் அதிகச் செய்தி சிக்கும் என்பதும் அவருக்கு ஆறு மாதத்தில் பிடிபட்டுவிடும். இதை எந்த வகுப்பறையும் கற்றுத் தராது. முதல் தகவல் அறிக்கைகளை, பாலியல் குற்றம் போன்றவை நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பது கல்லூரியில் படித்தவருக்குத் தெரிந்திருக்கும். தாலுகா நிருபருக்கு அது தெரியாமல் போகலாம், ஆனால் அறிக்கை இணையத்தில் ஏறுவதற்கு முன்பே அதிலுள்ள பெயர்கள் அவருடைய குறிப்பேட்டில் இருக்கும். (கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கான பிரிவு 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 106 ஆகிவிட்டது; அனுபவசாலிகள் பலர் இன்றும் அதைப் பழைய சட்டத்தின் எண்ணில் ‘முந்நூற்று நாலு ஏ’ என்றே சொல்கிறார்கள்.)

இந்த வழியின் குறை எழுதும்போது தெரியும். காவல் துறைக் குறிப்பில் ‘வேன் ஓட்டுநர் தூங்கியதால்’ என்று இருந்தால், செய்தியிலும் அப்படியே வந்துவிடும். ஓட்டுநர் இறந்துவிட்டார், அவர் தூங்கியதை யார் பார்த்தார்? லாரி சிவப்பு விளக்கோ எச்சரிக்கை முக்கோணமோ இல்லாமல் நின்றதா? ‘போலீஸார் தெரிவித்தனர்’ என்ற இரண்டு சொற்களை உரிய இடத்தில் சேர்க்கத் தெரியாததால் ஒரு குடும்பம் வாழ்நாள் முழுவதும் பழி சுமக்க நேரிடும். இதைச் சொல்லித் தர தாலுகாவில் ஆள் இல்லை. அலுவலகத்தில் செய்திகளைத் திருத்தும் பிரிவான டெஸ்க்கில் இருப்பவர் பதிப்பு முடிக்கும் அவசரத்தில் தானே திருத்திக்கொள்கிறாரே தவிர, ஏன் திருத்தினார் என்று சொல்வதில்லை. போதாக்குறைக்கு ஊதியம் சொற்பம். விளம்பரம் பிடித்துத் தரும் வேலையும் பல இடங்களில் இவர் தலையில்தான் விழுகிறது. யாரைப் பற்றி எழுத வேண்டுமோ அவரிடமே விளம்பரம் கேட்டு நிற்பவர் என்ன செய்தி எழுதுவார்?

இரண்டாவது வழி இதழியல் கல்லூரி. சென்னையில் ஆசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம், டெல்லியில் 1965-இல் தொடங்கப்பட்ட இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம் ஆகியவை பலரும் அறிந்தவை; பல்கலைக்கழகத் துறைகளும் இருக்கின்றன. இங்கே பெறுவதில் ஆகப் பெரியது சட்ட அறிவு என்பேன். பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தையின் பெயரைப் போடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் முகவரி, குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி என அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடக் கூடாது என்று போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு சொல்வதையும், மீறினால் ஓராண்டு வரை சிறை உண்டு என்பதையும் அறியாமல், ‘மளிகைக் கடைக்காரரின் மகள்’ என்று எழுதிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சிற்றூரில் அது பெயரைச் சொல்வதற்குச் சமம்.

கல்லூரியின் பலவீனங்கள் இரண்டு. தனியார் கல்லூரியில் கட்டணம் லட்சங்களில் போகிறது. உதவித்தொகை எல்லோருக்கும் கிடைப்பதில்லை. அடுத்தது மொழி. பெயர்பெற்ற நிறுவனங்களில் பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடப்பதால், வெளியே வருபவருக்கு ‘உடற்கூறாய்வு’ என்று எழுதுவதா ‘பிரேதப் பரிசோதனை’ என்று எழுதுவதா என்பதிலேயே தடுமாற்றம் வருகிறது. முக்கியமானதை முதல் பத்தியில் வைக்கும் முறையைத் தேர்வில் விளக்குவார். தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருவதால், நாற்பது சொல் கொண்ட முதல் வரியில் ‘இறந்தனர்’ என்பது வாசகர் களைத்த பிறகுதான் வரும் என்பதை வேலையில் சேர்ந்த பிறகே உணர்வார்.

மூன்றாவது வழியான விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். கல்லூரியில் வேறெதையோ படிக்கும் மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, படிப்பைத் தொடரவிட்டபடியே ஓராண்டு செய்தி சேகரிக்க வைக்கும் இத்திட்டத்திலிருந்து தமிழ் இதழியலுக்குப் பலர் வந்திருக்கிறார்கள். கட்டணச் சுமை இல்லை, வேலை முழுவதும் தமிழில், எழுதியது அச்சிலும் வருகிறது. ஆனால் இடங்கள் குறைவு. வார இதழின் நடையில் பழகியவருக்கு, இரவு எட்டு மணிக்குள் பத்து வரியில் முடிக்க வேண்டிய விபத்துச் செய்தி சற்று அந்நியமாகவே இருக்கும்.

நான் முதல் வழியில் வந்தவன் என்பதால் என் சாய்வைச் சொல்லிவிடுகிறேன். என்னுடைய முதல் விபத்துச் செய்தியை டெஸ்க்கில் இருந்த மூத்தவர் திருத்தாமல், தொலைபேசியில் அழைத்து, “தம்பி, மூணு பேருன்னு எழுதியிருக்கீங்க, கீழே ரெண்டு பேரு பேருதான் இருக்கு, மூணாவது ஆள் யாரு?” என்று கேட்டார். மருத்துவமனைக்கு மறுபடியும் போனபோது, மூன்றாமவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் உயிரோடு இருந்தார்.

ஆகையால், இன்னும் கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்கள் முதலில் பயிற்சித் திட்டத்துக்கு முயல்வதே நல்லது என்பது என் கருத்து. அது கிடைக்காமல், பணவசதியும் இல்லாதவர்கள் தாலுகாவில் சேரலாம். சேரும் முன், அனுப்பும் செய்தியை யார் படிப்பார், சந்தேகம் வந்தால் அவர் அழைப்பாரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இதழியல் கல்லூரிக்குப் போகக்கூடியவர்கள், அதற்கு முன் ஓராண்டாவது சொந்த ஊர்க் காவல் நிலையத்துக்கும் அரசு மருத்துவமனைக்கும் நடந்துவிட்டுப் போனால், வகுப்பில் கேட்கக் கேள்விகள் கைவசம் இருக்கும்.