பிராக்ஸ்மாக்ஸ் விஇ 8: நோடு சேர்ப்பது சுலபம், கழற்றுவதுதான் வேலை

பிராக்ஸ்மாக்ஸ் விஇ என்பது பல சர்வர்களை ஒரே கிளஸ்டராக (கூட்டமாக) இணைத்து விஎம்களை (மெய்நிகர் கணினிகளை) ஓட்டும் மென்பொருள்; அதில் ஒவ்வொரு சர்வரும் ஒரு நோடு. புது நோடு சேர்ப்பது நாலு கிளிக் வேலை. ஆனால் அதில் முன்கூட்டியே விஎம் எதுவும் இருக்கக்கூடாது. கழற்றுவதற்கோ வெப் திரையில் பட்டனே இல்லை. 'பிவிஇசிஎம் டெல்நோட்' கமாண்டை மிச்சமிருக்கும் ஒரு நோடிலிருந்து கொடுக்க வேண்டும். இது பெரிய குறை.

நோடுக்கு ஒரு ஓட்டு; கிளஸ்டர் இயங்கத் தேவையான குறைந்தபட்ச ஓட்டுதான் கோரம். 3 நோடு கிளஸ்டரில் கோரம் 2 ஓட்டு. ஒன்றைக் கழற்றினால் மொத்தம் 2, கோரமும் 2. அந்த நேரம் பார்த்து இன்னொன்று ரீபூட் ஆனால் '/இடிசி/பிவிஇ' (கிளஸ்டரின் செட்டிங்ஸ் ஃபோல்டர்) படிக்க மட்டும் என்றாகிவிடும். நின்ற விஎம்மை ஸ்டார்ட் செய்ய முடியாது. எச்ஏ (நோடு விழுந்தால் விஎம்மை வேறு நோடில் தானே ஸ்டார்ட் செய்யும் வசதி) போட்டிருந்தால் மிச்சமிருக்கும் நோடே தன்னை ரீசெட் செய்துகொள்ளும். அதனால் புதியதை வேறு பெயரில் முதலில் சேருங்கள், பழையதைப் பிறகு எடுங்கள். கியூடிவைஸ் (கூடுதல் ஓட்டு போடும் வெளி மெஷின்) இருந்தால் அதை முன்னாலேயே நீக்கிவிட வேண்டும்.

லைவ் மைக்ரேஷன் (விஎம்மை நிறுத்தாமல் வேறு நோடுக்கு மாற்றுவது) அருமை. விஎம்மின் சிபியு வகை 'ஹோஸ்ட்' (நோடின் பிராசசரை அப்படியே காட்டுவது) என்று இருந்து, புது மெஷினில் பிராசசர் தலைமுறை வேறாக இருந்தால் மட்டும் விஎம் கிராஷ் ஆகலாம்.

செஃப் (டேட்டாவைப் பல நோடுகளில் பிரதி வைக்கும் ஸ்டோரேஜ்) வைத்திருந்தால் பழைய நோடின் ஓஎஸ்டிகளை (அதன் டிஸ்க்குகளை) 'அவுட்' செய்து, எல்லா பிஜியும் (டேட்டா தொகுதியும்) 'ஆக்டிவ்+கிளீன்' ஆகும்வரை காத்திருங்கள். 3 பிரதி, 3 நோடு என்றால் நான்காவது வராமல் அது ஆகவே ஆகாது.

ரெப்ளிகேஷன் (விஎம் டிஸ்க்கை வேறு நோடுக்கு நகலெடுக்கும்) ஜாப்களையும் நீக்கிவிட்டு பழைய மெஷினை ஆஃப் செய்து, அதன்பின் டெல்நோட். அதே டிஸ்க்கோடு அதை மறுபடி நெட்வொர்க்கில் ஆன் செய்தால் கிளஸ்டரே குழம்பிவிடும், முதலில் ரீஇன்ஸ்டால்.

5-க்கு 3.5.