பள்ளிச் செயலாளர் விக்கிப்பீடியாவில் எழுதலாமா? நான்கு வழிகள், ஓர் அலசல்

பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளிக்கு ஆண்டு விழா நெருங்கினாலே முன்னாள் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் இந்தப் பேச்சு வந்துவிடும்: "நம்ம பள்ளியப் பத்தி விக்கிப்பீடியாவுல ரெண்டே வரிதான் இருக்கு. யாராச்சும் எழுதிப் போடுங்கப்பா." உடனே எல்லார் கண்ணும் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர் பக்கம் திரும்பும். பழைய பதிவேடு அவர் கையில், படங்கள் அவர் அலமாரியில், தலைமையாசிரியர்களின் பெயர் வரிசை அவருக்கு மனப்பாடம். எழுத அவரைவிட விவரம் தெரிந்தவர் இல்லை. விக்கிப்பீடியா தயங்கும் ஆள்களின் வரிசையிலும் அவருக்குத்தான் முதலிடம்.

நலமுரண் என்று இதைச் சொல்வார்கள். அவர் பொய் எழுதுவார் என்ற சந்தேகமெல்லாம் இல்லை. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவெடுக்கும்போது கை தன்னையறியாமல் சாயும், அவ்வளவுதான். பள்ளி இடம் மாறியபோது நடந்த தகராறு அவர் கட்டுரையில் இருக்காது. கட்டட நிதி கொடுத்தவர் பெயர் இரண்டு இடத்தில் இருக்கும்.

அவர் முன்னால் இருப்பவை நான்கு வழிகள்: சத்தமில்லாமல் தானே எழுதலாம், காசு கொடுத்து எழுதச் சொல்லலாம், தன் தொடர்பைச் சொல்லிவிட்டு, கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் கேட்கலாம், அல்லது எழுதும் வேலையை மற்றவர்களிடம் விட்டுவிட்டு ஆதாரத்தை மட்டும் கொடுக்கலாம்.

வேகத்தில் முதல் வழியை எதுவும் மிஞ்சாது. இரவுச் சாப்பாடு முடித்து உட்கார்ந்தால் படுக்கப் போவதற்குள் கட்டுரை தயார். ஆனால் யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பதெல்லாம் 'வரலாறு' பகுதியில் நிற்கும். 2007-இல் விர்ஜில் கிரிஃபித் என்பவர் விக்கிஸ்கேனர் என்ற கருவியை வெளியிட்டார். புகுபதிகை செய்யாமல் நடந்த திருத்தங்களின் ஐபி முகவரிகள் எந்தெந்த நிறுவனத்துடையவை என்று அது பொருத்திக் காட்டியது. வாக்குப்பதிவு இயந்திரம் தயாரித்த டைபோல்ட் நிறுவனத்தின் முகவரியிலிருந்து, அந்த இயந்திரங்களின் பாதுகாப்பைக் குறை சொன்ன பத்திகள் நீக்கப்பட்டது அப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது. அதற்கு முன்பே, 2005-இல், ஜிம்மி வேல்ஸ் தம்மைப் பற்றிய கட்டுரையைத் தாமே திருத்திச் செய்தியாகி, அப்படிச் செய்திருக்க வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தது. விக்கிப்பீடியாவைத் தொடங்கியவர்களில் ஒருவருக்கே அந்த நிலை.

நம் செயலாளரைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் தேவைப்படாது, அவர் நடையே போதும். 'கல்விப் பணியில் தனி முத்திரை பதித்த', 'அயராத உழைப்பால்' என்று இரண்டு இடத்தில் வந்தாலே கட்டுரையின் தலையில் விளம்பரத் தொனி என்று வார்ப்புரு, அதாவது எச்சரிக்கைக் கட்டம், ஏறிவிடும். பிறகு வந்து துப்புரவு செய்பவர் பூமாலையை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டிருக்க மாட்டார், பத்தியோடு வெட்டுவார். அதில் தோட்டத்துக் கொட்டகையில் பள்ளி தொடங்கிய உண்மைத் தகவலும் போய்விடும். என் கணக்கில் இந்த வழியின் பெரிய நட்டம் அதுதான்.

இரண்டாவது வழிக்குப் பள்ளிகள் போவதில்லை, அதற்குக் காசு ஏது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உணவகம் வைத்திருப்பவரும் புதிதாக டத்தோ என்ற கௌரவப் பட்டம் வாங்கியவரும்தான் போகிறார்கள். காசு வாங்கி எழுதுவதற்கு விக்கிப்பீடியாவில் தடை இல்லை, மறைப்பதற்குத்தான் தடை. யாருக்காக எழுதுகிறோம், யார் சம்பளம் தருகிறார் என்று சொல்லியே ஆக வேண்டும் என 2014-இல் பயன்பாட்டு விதிகளில் சேர்த்தார்கள். முந்தைய ஆண்டு விக்கி-பிஆர் என்ற நிறுவனம் வேறு வேறு ஆள்கள் போலக் காட்டும் நூற்றுக்கணக்கான கைப்பாவைக் கணக்குகளை வைத்து எழுதித் தந்து மாட்டியிருந்தது. 2015-இல் சிக்கிய 'ஆரஞ்சுமூடி' கும்பல் இன்னும் ஒரு படி மேல். கட்டுரை நிராகரிக்கப்பட்ட சிறு தொழில்காரர்களைத் தேடிப் பிடித்து, வெளியிட்டுத் தருகிறோம் என்று காசு வாங்குவார்கள். வெளிவந்த பிறகு, அதை யாரும் நீக்காமல் காவல் காக்க மாதச் சந்தா கேட்பார்கள். ஆங்கில விக்கிப்பீடியா அந்த முறை 381 கணக்குகளை முடக்கி 210 கட்டுரைகளை நீக்கியது. காசு கொடுத்தவர்களுக்குக் கட்டுரையும் இல்லை, காசும் இல்லை. 'கட்டுரை நிலைக்கும், கேரண்டி' என்று யாராவது வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினால், அந்த எண்ணைத் தடை செய்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

மூன்றாவது வழிக்குப் பொறுமை வேண்டும். பயனர் கணக்கு திறந்து, பயனர் பக்கத்தில் தொடர்பைச் சொல்லிவிட்டு, கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் இப்படி எழுதலாம்: "வணக்கம். நான் இப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர், சம்பளமில்லாப் பொறுப்பு. இணைக்கட்டடம் திறந்த ஆண்டு கட்டுரையில் தவறாக உள்ளது. சரியான ஆண்டு இந்த நாளிதழில், இந்தத் தேதியில், இத்தனையாம் பக்கத்தில் உள்ளது. இரண்டாம் பத்தியின் மூன்றாம் வரியை இவ்வாறு மாற்றக் கோருகிறேன்." எந்த வரி, எதற்கு மாற்றம், எங்கே ஆதாரம் என்ற மூன்றும் அதில் இருப்பதால் படிப்பவர் சட்டென்று முடித்துவிடலாம். 'எங்கள் பள்ளியைப் பற்றி நன்றாக எழுதுங்கள்' என்று மட்டும் கேட்டால் பதில் வராது.

சம்பளம் பற்றிய அந்தச் சொல் முக்கியம். பள்ளி அலுவலகத்தில் சம்பளம் வாங்குபவர் நிர்வாகம் சொல்லி எழுதினால் அது காசுக்கு எழுதும் கணக்கில் சேரும், அறிவிப்பு கட்டாயம். தொண்டருக்கு அந்த விதி இல்லாவிட்டாலும் சொல்லிவிடுவதே நல்லது. ஆங்கில விக்கிப்பீடியாவில் இத்தகைய கோரிக்கைகளுக்கென்றே ஆயத்த வார்ப்புருவும் காத்திருப்பு வரிசையும் உண்டு, ஆனால் வரிசை நீளம். தமிழில் ஆள் குறைவு என்பதால் பேச்சுப் பக்கத்தில் போட்டுவிட்டு உதவி கேட்கும் ஒத்தாசைப் பக்கத்திலோ, பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியிலோ ஒரு குரல் கொடுத்துவிடுவது மேல்.

நான்காவது வழியில் பெயர் வராது, பலன் நீடிக்கும். பள்ளி வெளியிட்ட நூற்றாண்டு மலரைத் தலைமையாசிரியர் பட்டியல் போன்ற சர்ச்சையில்லாத தகவலுக்கு மேற்கோளாகக் காட்டலாம். ஆனால் பள்ளிக்குத் தனிக் கட்டுரை தகும் என்று நிறுவ அது உதவாது, நம் வாயால் நாமே சொல்வதுதானே. அதற்கு வெளியாள் எழுதியது வேண்டும். 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன தமிழ் நேசன் நாளிதழின் நறுக்குகள் எத்தனை வீட்டுப் பெட்டியில் கிடக்கின்றனவோ! சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் இணையத் தொகுப்பில் பழைய நாளிதழ்களைத் தேடலாம், தமிழ் முரசும் அதில் உண்டு. தேதியையும் பக்க எண்ணையும் குறித்துக்கொடுத்தால் மற்றவர்கள் எழுதிக்கொள்வார்கள். தாமே எடுத்த படங்களை, விக்கிப்பீடியாவுக்கான படக் களஞ்சியமான பொதுவகத்தில் ஏற்றலாம். ஸ்டூடியோக்காரர் எடுத்த பழைய குழுப் படம் நம்மிடம் இருந்தாலும் உரிமை நம்முடையது ஆகிவிடாது.

இங்கே எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நம் ஊரில் தொடர்பில்லாத ஆளை எங்கே பிடிப்பது? பட்டர்வொர்த்தில் ஒரு தமிழ்ப்பள்ளியைப் பற்றி அக்கறையோடு எழுதக்கூடியவர் அங்கே படித்திருப்பார், இல்லையென்றால் அவர் அத்தை அங்கே ஆசிரியராக இருந்திருப்பார். 'தொடர்புள்ளவர் விலகி நில்லுங்கள்' என்பதை எழுத்துக்கு எழுத்து பிடித்தால் அந்த இரண்டு வரி இரண்டு வரியாகவே கிடக்கும். அதனால்தான் பள்ளிக்கும் கோயிலுக்கும் மூன்றையும் நான்கையும் சேர்த்துச் செய்யச் சொல்வேன். எழுத்துப்பிழையையும் அப்பட்டமான விஷமத்தையும் தாமே சரிசெய்யலாம், அதற்கு யாரையும் கேட்க வேண்டாம். உணவகத்துக்குச் சொந்த ஃபேஸ்புக் பக்கமே போதும். டத்தோ பொறுத்திருக்கட்டும், நாளிதழ்கள் அவரைப் பற்றி விரிவாக எழுதினால் யாராவது தொடங்குவார்கள்.

இன்னொன்று. அடுத்த கூட்டத்தில் செயலாளர் மாறினால் கோப்போடு சேர்த்து விக்கிக் கணக்கின் கடவுச்சொல்லையும் ஒப்படைக்கிற பழக்கம் வேண்டாம். ஒரு கணக்கு ஓர் ஆளுக்குத்தான். புதியவர் தம் பெயரில் ஒன்று திறந்து, தம் தொடர்பைத் தாமே எழுதிக்கொள்ளட்டும்.