லெனேசியாவுக்குத் திரும்பும் ஏற்றத்தில் இஞ்சின் வெப்பமானியின் முள் ஏறினால்: நிறுத்துவதா, ஓட்டுவதா? தண்ணீரா, கூலண்டா?

தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் செல்லும் என்3 நெடுஞ்சாலை ஏறத்தாழ 570 கிலோமீட்டர் நீளமுடையது. கடல் மட்டத்தில் தொடங்கி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டியதும் டவுன் ஹில் ஏற்றத்தில் ஏறி, ஏறத்தாழ 1,680 மீட்டர் உயரமுள்ள வான் ரீனன் கணவாயைக் கடந்து, ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்திலுள்ள ஜோகன்னஸ்பர்க்கை அது அடைகிறது. பெரிய வெள்ளிக்கு, டர்பனுக்கு அருகேயுள்ள மவுண்ட் எட்ஜ்கூம் மாரியம்மன் கோயிலுக்கு, ஜோகன்னஸ்பர்க்கின் தெற்கேயுள்ள லெனேசியாவிலிருந்து வரும் குடும்பங்கள் இந்தப் பாதையில் இறங்கி வரும்போது இஞ்சினுக்கு உழைப்பு குறைவு. அதில் உள்ள கோளாறு வெளியே தெரிவதில்லை. திரும்பும்போதுதான், ஐந்து பேரும் பெட்டிகளும் பிரசாதப் பாத்திரங்களுமாக, ஏசியைப் போட்டுக்கொண்டு, நெரிசலில் ஊர்ந்து மலை ஏறும்போது வெப்பமானியின் முள் சிவப்பை நோக்கி நகர்கிறது.

அந்த நேரத்தில் வண்டிக்குள் இரண்டு கட்சிகள் உருவாகும். உடனே ஓரம் கட்டி இஞ்சினை அணைக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. ஹீட்டரை முழுவதுமாகத் திறந்துவிட்டு மெதுவாக ஓட்டிக்கொண்டே போகலாம் என்பது மற்றொன்று. சில ஆண்டுகளுக்கு முன் டவுன் ஹில்லில் எங்கள் வண்டியில் இரண்டாவது கட்சி வென்றது. ஓட்டியவர் மாமா. ஏசியை நிறுத்திவிட்டு ஹீட்டரைப் போட்டார். அனல் காற்று முகத்தில் அடித்தது, முள் சற்றே தாழ்ந்தது. ஏற்றத்தின் மேலேயுள்ள ஹில்டனை நெருங்கும்போது அந்தக் காற்று திடீரென்று குளிர்ந்தது. அடுத்த நிமிடமே முள்ளும் மளமளவென்று கீழே இறங்கியது. "பார்த்தாயா, சரியாகிவிட்டது" என்றார் மாமா. அக்கா மட்டும், இனிப்பாக ஏதோ கருகும் வாசனை வருகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இன்னும் சில கிலோமீட்டர் போனதும் வண்டி இழுக்க மறுத்தது. பானெட்டின் இடுக்கிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. இஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட் கோணி, அதன் அடியிலுள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட்டும் போயிருந்தது என்பது மறுவாரம் தெரிந்தது.

நடந்தது என்னவென்றால், விரிசல் விட்டிருந்த ஒரு ஹோஸ் (ரப்பர் குழாய்) வழியாக, இஞ்சினைக் குளிர்விக்கும் திரவம் முழுவதும் வெளியேறிவிட்டது. ஹீட்டர் என்பது இஞ்சினைச் சுற்றிவரும் அதே திரவத்தின் வெப்பத்தைக் காற்றுக்கு மாற்றும் சிறிய ரேடியேட்டர்தான். திரவம் இருக்கும்வரை அது உண்மையாகவே இஞ்சினுக்கு உதவும். திரவம் தீர்ந்ததும் அதிலிருந்து குளிர்ந்த காற்றுதான் வரும். முள்ளுக்குச் செய்தி சொல்லும் சென்சாரும் பெரும்பாலான வண்டிகளில் திரவத்தின் வெப்பத்தையே அளக்கிறது. திரவமின்றி அது காய்ந்து நின்றால், உலோகம் பழுக்கக் காய்ந்துகொண்டிருக்கும்போதே முள் தாழ்ந்து காட்டக்கூடும்.

ஆகவே, இந்த இரண்டில் எது சரி என்பதை ஹீட்டரே சொல்லிவிடுகிறது. முள் உயரமாகவும் ஹீட்டர் காற்று அனலாகவும் இருந்து, ஆவி எதுவும் தெரியாவிட்டால், ஏசியை அணைத்து, சன்னல்களைத் திறந்து, பாதுகாப்பாக நிற்கத்தக்க இடம் வரும்வரை சில நிமிடங்கள் ஓட்டலாம். வான் ரீனன் வளைவுகளில் பெரிய லாரிகளின் நடுவே சட்டென்று நிற்பதைவிட அதுவே நல்லது. ஹீட்டர் காற்று குளிர்ந்தாலோ, ஆவி தெரிந்தாலோ, முள் சிவப்பைத் தொட்டுவிட்டாலோ, பேச்சுக்கே இடமின்றி சாலையோர மஞ்சள் கோட்டுக்கு அப்பால் ஒதுங்கி இஞ்சினை அணைக்க வேண்டும். அணைத்தபின் யாரும் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கக் கூடாது. முக்கோணப் பலகையைப் பின்னால் தொலைவில் வைத்துவிட்டு, குழந்தைகளையும் பெரியவர்களையும் தடுப்புக் கம்பிக்கு மறுபுறம் நிறுத்துங்கள்.

வண்டி எங்கே சூடேறியது என்பதை நினைவில் வைத்திருந்தால் மெக்கானிக்கின் வேலை பாதியாகும். சுங்கச்சாவடி வரிசையில் சூடேறி, வேகமாக ஓடும்போது தணிந்தால், பெரும்பாலும் ஃபேன் அல்லது அதன் மின் இணைப்பு பழுது. மாறாக, வரிசையில் அமைதியாக இருந்துவிட்டு ஏற்றத்தில் வேகமெடுக்கும்போது சூடேறினால், ரேடியேட்டர் அடைப்பையோ, சரியாகத் திறக்காத தெர்மோஸ்டாட்டையோ (சூடேறியதும் திரவத்தை ரேடியேட்டருக்கு விடும் வால்வு), திரவக் குறைவையோ சந்தேகிக்க வேண்டும்.

இனி, வீட்டிலிருந்து கிளம்பும் முன் எதை ஊற்றுவது என்ற கேள்வி. டர்பனில் தண்ணீர் உறைவதில்லை, எனவே உறைவதைத் தடுக்கும் குளிர்விப்புத் திரவமான கூலண்டுக்குச் செலவிடுவது வீண் என்று சொல்பவர்கள் நம்மிடையே இன்றும் உண்டு. அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும்: வெப்பத்தைச் சுமக்கும் திறனில் தண்ணீரே உயர்ந்தது, கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் அதற்கு ஈடாகாது. ஆனால் கொதிநிலையில் கதை மாறுகிறது. டர்பனில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், வான் ரீனன் உயரத்தில் ஏறத்தாழ 94 அல்லது 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி உள்ளே ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தைத் தேக்கிவைப்பதால்தான் அந்த எல்லை 120 டிகிரிக்கு அருகே உயர்கிறது. மூடியின் ரப்பர் வளையம் தளர்ந்துபோனால் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது; 90 முதல் 105 டிகிரியில் இயங்கும் இஞ்சினுக்குள் தண்ணீர் கொதித்துப் பொங்கிவிடும். பாதிக்குப் பாதி கலந்த கூலண்டோ கடல் மட்டத்தில், அழுத்தமின்றியே, ஏறத்தாழ 107 டிகிரி வரை தாங்குகிறது. அதோடு, குழாய்த் தண்ணீர் உள்ளே துருவையும் உப்புப் படிவையும் உண்டாக்கி ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கிறது. கூலண்டில் துருவைத் தடுக்கும் மருந்துகள் உள்ளன. எங்கள் வண்டியின் ரேடியேட்டரைக் கழற்றியபோது செம்மண் குழம்புபோல் வடிந்த நீரை நான் என் கண்ணால் பார்த்தேன். என் முடிவு ஐயமின்றிக் கூலண்டுக்கே.

கூலண்டிலும் கலக்கிவைத்து விற்கப்படுவது, செறிவாக விற்கப்படுவது என்று இரண்டு உண்டு. பிந்தையதை வாங்கினால் வாலை வடித்த நீர் சேர்த்தே ஊற்ற வேண்டும். கெட்டியாக இருந்தால் நல்லது என்று அப்படியே ஊற்றுவது குளிர்விக்கும் திறனைக் குறைக்கும். நிறத்தை நம்பி வேறு வகைகளை ஒன்றாகக் கலக்காமல், வண்டியின் கையேட்டில் சொன்ன வகையையே வாங்குங்கள். இனிப்புச் சுவையுள்ள இந்தத் திரவம் நஞ்சு. குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் எட்டாமல் வையுங்கள்.

சாலையோரத்தில் மட்டும் தண்ணீர்க் கேனுக்கு உரிய இடம் உண்டு. அப்போதும் குறைந்தது அரை மணி நேரம் காத்திருந்து, மேல் ஹோஸைத் தொட்டால் கை சுடவில்லை என்று தெரிந்தபின், தடித்த துணியால் மூடியைப் பிடித்துச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தவர்களின் முகமும் கையும் வெந்துபோயிருக்கின்றன. கொதித்த இஞ்சினில் குளிர்ந்த நீரைச் சடாரென்று ஊற்றினால் உலோகம் விரிசல் விடக்கூடும். ஊற்ற ஊற்றக் கீழே வழிந்தால் ஓட்டும் எண்ணத்தை விட்டுவிட்டு, முதலில் உங்கள் காப்பீட்டு நிறுவனத்தை அழையுங்கள். அழைக்காமலே வந்து நிற்கும், பழுதான வண்டியை இழுத்துச் செல்லும் டோ டிரக்குக்குக் கையெழுத்திட்டுக் கொடுக்காதீர்கள்.

அப்படி ஊற்றிய தண்ணீரோடு வீடு சேர்ந்தவர்கள், வண்டி ஓடுகிறதே என்று அதை மறந்துவிடுகிறார்கள். பெரிய வெள்ளி மார்ச்சிலோ ஏப்ரலிலோ வருகிறது. இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில், வான் ரீனனை அடுத்த ஹாரிஸ்மித் பக்கத்து இரவுகள் உறைநிலைக்குக் கீழே இறங்கிவிடும். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகும். அந்த நெருக்கலில் ரேடியேட்டரும், சில வேளை இஞ்சின் பிளாக்குமே பிளந்துவிடுகின்றன. பாதிக்குப் பாதி கலவையோ கழித்தல் 37 டிகிரி வரை உறைவதில்லை. ஈஸ்டர் பயணத்தில் ஊற்றிய தண்ணீரை மே மாதத்துக்குள் முழுவதும் வடித்துவிட்டுக் கூலண்டை நிரப்பி, ஹோஸ்களையும் மூடியையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.