மஸ்டா ஆர்எக்ஸ்-8: ரோட்டரி இன்ஜினோடு சில வருடங்கள்

என் கார் இன்ஜினில் பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை, கேம் ஷாஃப்ட்டும் இல்லை என்று சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். என்னிடம் இருப்பது ஆறு கியர் மேனுவல் ஆர்எக்ஸ்-8. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பிஸ்டனுக்குப் பதில் உள்ளே சுழலும் முக்கோண ரோட்டார் இரண்டு, ஒவ்வொன்றும் 654 சிசி. கூட்டுக்குள் ரோட்டார் சுழலச் சுழல, காற்றை இழுப்பதிலிருந்து புகையைத் தள்ளுவது வரை எல்லாம் அந்தச் சுழற்சியிலேயே முடிந்துவிடும். ஜெர்மனியில் ஃபெலிக்ஸ் வாங்கெல் வடிவமைத்து 1957-இல் ஓடவிட்ட இன்ஜின் இது. 1967-இல் காஸ்மோ ஸ்போர்ட்டில் தொடங்கிய மஸ்டா மட்டும்தான் அதைக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்டது.

ஓட்டும்போது முதலில் தெரிவது அதிர்வு இல்லாததுதான். மேலும் கீழும் அடிக்கும் எடை உள்ளே எதுவும் இல்லையே! 9000 ஆர்பிஎம் நெருங்கும்போது பீப் சத்தம் வரும்; அது இல்லாவிட்டால் அங்கே வந்துவிட்டோம் என்றே தெரியாது. இன்ஜினின் வெளியீட்டு ஷாஃப்ட் மூன்று சுற்று சுற்றினால் ரோட்டார் ஒரு சுற்றுதான். ஆக, மீட்டர் 9000 காட்டும்போதும் ரோட்டார் 3000-இல் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த மேல்பகுதியில் இந்த இன்ஜின் தரும் சந்தோஷத்தை வேறு எந்தக் காரிலும் நான் அனுபவித்ததில்லை. குறைந்த ஆர்பிஎம்மில் இழுவை குறைவு. உச்ச டார்க் (சுழற்று விசை) 211 நியூட்டன் மீட்டர், அதுவும் 5500-இல்தான். டிராஃபிக்கில் கியரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

மைலேஜ் மோசம். எரியும் அறை நீளமாக, மெல்லியதாக இருப்பதால் சூடு சுவர்களுக்குப் போய்விடுகிறது, ஓரங்களில் பெட்ரோல் முழுதாக எரிவதும் இல்லை. ஆயிலும் குறையும். ரோட்டார் முனைகளில் காற்று கசியாமல் அடைக்கும் அபெக்ஸ் சீல் தேயாமலிருக்க, இன்ஜினே கொஞ்சம் ஆயிலை உள்ளே விட்டு எரிக்கிறது. வடிவமைப்பே அப்படித்தான். அதனால் பெட்ரோல் போடும்போதெல்லாம் ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கையும் பார்த்துவிடுகிறேன்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது: குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, காரை நாலடி நகர்த்திவிட்டு அணைக்கவே கூடாது. தொடக்கத்தில் கூடுதலாக வரும் பெட்ரோல் சீல்மேல் உள்ள ஆயிலைக் கழுவிவிடும், பிளக்கும் நனைந்துவிடும். அப்புறம் ஸ்டார்ட் ஆகாது. அப்படி ஆனால், ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஸ்டார்ட்டரால் இன்ஜினைச் சுழற்ற (கிராங்க் செய்ய) வேண்டும். அப்போது பெட்ரோல் நின்று, உள்ளே தேங்கியது வெளியேறும். காரை இடம் மாற்றினால்கூட நான் சூடாகும்வரை ஓடவிட்டுத்தான் அணைக்கிறேன்.

பக்கத்துத் தெருவுக்குப் போய்வர மட்டும் கார் வேண்டுமென்றால் இது சரிப்படாது. நீண்ட சாலையும் பொறுமையும் இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். பழைய கார் என்றால், நன்றாகச் சூடான நிலையில் அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள். இழுத்தடித்தால் சீல் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ரோட்டரிக்கென்றே உள்ள கருவியில் கம்ப்ரெஷன் (உள்ளே காற்று அமுங்கும் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். ஒரு ரோட்டாருக்கு மூன்று முகம். ஆக, ஆறு அளவுகள் கையில் வந்த பிறகே விலை பேசுங்கள்.