நாய்க்குக் கூண்டு, எனக்கு நட்டு போல்ட்டு

விமானத்தில் நாயை ஏற்றும் கூண்டு இப்போது விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று தண்டையார்பேட்டை நண்பர் கேட்டார். அவருடைய மகள் ஜெர்மனியில் இருக்கிறாள். கோடை விடுமுறைக்கு நாயையும் கூட்டிக்கொண்டு போக ஆசை. நானும் அதே மாதிரி ஒரு காரியத்துக்காக வாங்கி, போய் வந்து, இன்னும் ராயபுரத்து வீட்டு ஹாலில் பாதி இடத்தை அதற்கு விட்டுக்கொடுத்திருக்கிறேன். கூண்டு உறுதியான கூண்டு, அதில் குறை சொல்ல மாட்டேன். அதை முடுக்குகிற போல்ட்டுகள்தான் மனுஷனைப் பைத்தியமாக்குகின்றன.

மேல்பாதி, கீழ்ப்பாதி என்று இரண்டு துண்டாக வருகிற வகை இது. கூடவே வருவது பிளாஸ்டிக் கிளிப். தட்டினால் மாட்டிக்கொள்ளும், இழுத்தால் கழலும். கழுவி வெயிலில் காயவைக்க அதைவிட வசதி கிடையாது. ஆனால் விமான நிறுவனங்கள் பலவும் பிளாஸ்டிக் கிளிப்பை ஏற்பதில்லை, உலோக போல்ட் கேட்கிறார்கள். அட்டைப்பெட்டியில் விமானப் படம் போட்டு விற்கிறவர்கள் போல்ட்டை மட்டும் தனியாக விற்கிறார்கள். இது என்ன நியாயம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

சரி என்று மண்ணடியில் போய் வாங்கினேன். முதலில் வாங்கிய இரும்பு போல்ட்டை எங்கள் பக்கத்து உப்புக்காற்று ஒரே மழைக்காலத்தில் தின்றுவிட்டது. அடுத்து எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், வாங்கினேன். துரு இல்லை. ஆனால் நட்டு உட்காருகிற குழி ஒரு நூல் அகலம் அதிகம். வெளியிலிருந்து திருகினால் உள்ளே நட்டும் சேர்ந்து சுற்றும். ஒரு கையைக் கதவு வழியாக விட்டு, நட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஸ்குரூடிரைவரைத் திருப்ப வேண்டும். பின்மூலைக்குத் தோள்வரை உள்ளே போகணும். அந்த நேரம் பார்த்து எங்கள் நாய் ஜூலியும் உள்ளே நுழைந்து முழங்கையை நக்குவாள்.

அளவு பற்றி நண்பர் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். கணக்கு இதுதான்: மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை ஒரு அளவு, தரையிலிருந்து முன்னங்காலின் முழங்கை மூட்டு வரை ஒரு அளவு. முதலாவதோடு இரண்டாவதில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளம். தோள் அகலத்தைப் போல இரண்டு மடங்கு அகலம். உயரம், நிற்கும்போது தலை உச்சி வரை அல்லது காது நுனி வரை, எது அதிகமோ அது. விரிப்பின் கனத்தையும் அதோடு சேர்க்க வேண்டும். ஜூலி நாட்டு நாய், காது இரண்டும் கோபுரம் மாதிரி நிமிர்ந்திருக்கும். டேப்பைப் பார்த்தால் மட்டும் மடக்கிக்கொள்வாள். பிஸ்கட் கவரைக் கசக்கினால்தான் நிமிர்த்துவாள், அந்த நொடியில் அளந்துவிட வேண்டும். அந்தக் காதுகளால் அடுத்த பெரிய அளவுக்குப் போக வேண்டியதாயிற்று, அதற்கேற்ற விலையும்தான்.

கூண்டை எப்போது வாங்குவது? நாய்க்குத் தோலுக்கடியில் அடையாளச் சிப் போடுகிற அன்றே வாங்கிவிடுங்கள். சும்மா சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இந்தியாவிலிருந்து நாய் போக வேண்டுமென்றால் முதலில் 15 இலக்க மைக்ரோசிப், அதற்குப் பிறகுதான் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. சிப்புக்கு முன் போட்ட ஊசி கணக்கில் வராது. ஊசி போட்டு 30 நாளாவது கழிந்த பின் ரத்தம் எடுத்து, அவர்கள் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ரத்தத்தில் வெறிநோய் எதிர்ப்புச் சக்தி ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 ஐ.யு. (அதை அளக்கும் சர்வதேச அலகு) அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இருந்தாலும் உடனே கிளம்ப முடியாது, ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். நம்ம கணக்கில் சொன்னால், மார்கழி பிறக்கும்போது சிப்பும் ஊசியும், பொங்கல் விடுமுறை முடிந்ததும் ரத்தம், தமிழ்ப் புத்தாண்டு போன கையோடு பயணம். பொங்கலுக்கு அப்புறம் யோசித்துக்கொள்ளலாம் என்று இருந்தால் மே மாத விடுமுறை போச்சு. கத்திரி வெயிலில் நாயை ஏற்ற மறுக்கிற விமான நிறுவனங்களும் உண்டு, அதையும் கேட்டுவையுங்கள். ஆறுதலான சேதி ஒன்று: தடுப்பூசியைத் தவணை தவறாமல் போட்டு வந்தால் இந்த ரத்தப் பரிசோதனையும் காத்திருப்பும் ஒரே ஒரு தடவைதான்.

அந்தக் காத்திருப்புக் காலத்தில்தான் கூண்டு தன் விலையைச் சம்பாதித்தது. முதலில் கதவைக் கழற்றிவிட்டு உள்ளே சோறு வைத்தேன். அப்புறம் பழைய போர்வை. கதவை மாட்டியபோது ஜூலி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் எதிர்பார்க்காதது அதற்குப் பிறகு நடந்தது. எங்கள் தெருமுனையில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி ஹாரன் அடிக்கும்போதெல்லாம் கட்டிலுக்கடியில் ஓடி நடுங்குகிறவள், தானாகவே கூண்டுக்குள் போய்ப் படுக்க ஆரம்பித்தாள். தீபாவளிக்குச் சரவெடி வெடித்தபோது மேலே ஒரு பெட்ஷீட் போட்டு மூடினேன். உள்ளே குறட்டை. இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் தூங்கிய தீபாவளி அது.

பயணத்தில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, அதுவே நல்ல சேதி. முழுக் கூண்டு ஆட்டோவில் ஏறாது, கார் டிக்கியிலும் ஏறாது, குட்டியானைதான் பிடிக்க வேண்டும். சக்கரத்தை விமான நிறுவனம் கழற்றச் சொன்னது. எங்கள் தெருவில் அது எப்படியும் உருண்டதில்லை. தண்ணீர்க் கிண்ணத்தை முந்தின இரவே ஃப்ரீசரில் வைத்துவிட்டால் ஏற்றும்போது சிந்தாது, மெல்ல உருகி நாய்க்குக் கிடைக்கும். தூக்க மருந்து மட்டும் கொடுத்துவிடாதீர்கள். சான்றிதழ் வேலைக்குப் பள்ளிக்கரணையில் உள்ள விலங்குத் தனிமைப்படுத்தல் அலுவலகத்துக்குப் போக வேண்டும். திரும்பி வரும்போது நாய் உள்ளே நுழையவும் அவர்களுடைய தடையில்லாச் சான்று வேண்டும். ராயபுரத்திலிருந்து பள்ளிக்கரணை போவதற்கு ஜெர்மனியே பக்கம் என்று தோன்றும்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு வாங்கச் சொல்வேனா? மாட்டேன். நேற்று ராத்திரி உண்ணிக்கு மருந்தடிக்க இதைக் கழற்றினேன். திரும்ப முடுக்கும்போது ஒரு நட்டு உருண்டு பீரோவுக்கடியில் போனது, விரல் தோல் உரிந்தது, வீட்டம்மா லைட்டை அணைத்துவிட்டுப் போய்விட்டார். ஆகவே ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். தீபாவளிக்கு மறுநாள் கேட்டிருந்தால் ஐந்தையும் கொடுத்திருப்பேன்.

நண்பரே, உங்களுடையது பக். தட்டை மூக்கு நாய்களைப் பல நிறுவனங்கள் ஏற்றுவதேயில்லை, ஏற்றுகிறவர்களும் வழக்கத்தைவிடப் பெரிய கூண்டு கேட்பார்கள். முதலில் விமான நிறுவனத்துக்குப் போன் போட்டுக் கேளுங்கள். சரி என்றால் சிப்பையும் ஊசியையும் முடியுங்கள். கூண்டு விலை அதற்குள் இன்னும் இறங்கினாலும் இறங்கும்.