துணைவேந்தர்: உள்ளாளா, வெளியாளா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியிருக்கும் நம் வீடுகளில், அடுத்த துணைவேந்தரைப் பற்றிய பேச்சு எப்போதும் அவர் பல்கலைக்கழகத்துக்குள்ளிருந்தே வரும் உள்ளாளா, வெளியிலிருந்து வரும் வெளியாளா என்ற கேள்வியில்தான் வந்து நிற்கிறது. (வேந்தர் பதவி பட்டமளிப்பு மேடையோடு சரி, நிர்வாகம் துணைவேந்தரிடமே இருக்கிறது.)

இடமறிதல்
உள்ளாள்: 2004இல் நேட்டால் பல்கலைக்கழகமும் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமும் இணைந்து உருவான குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் ஐந்து வளாகங்களுக்கும் தனித்தனி வரலாறும் மனக்கசப்பும் உண்டென்பதை அவர் அறிவார்.
வெளியாள்: அதைக் கற்கவே ஓராண்டு போய்விடும்.

பணம்
உள்ளாள்: அரசின் என்எஸ்எஃப்ஏஎஸ் உதவித்தொகை வந்துசேராததால், பதிவு வாரத்தில் கையில் கடிதத்துடன் வெயிலில் வரிசையில் நிற்கும் மாணவியை அவர் நேரில் பார்த்திருப்பார், ஆனால் விடுதி ஒப்பந்தங்களைத் துருவிப் பார்க்க வேண்டுமானால், நேற்றுவரை உடன் தேநீர் குடித்தவர்களையே அவர் கேள்வி கேட்க வேண்டியிருக்கும். இது லேசான காரியமன்று.
வெளியாள்: அந்தத் தயக்கம் இருக்காது.

நியமனம்
இருவருக்கும் ஒன்றே: 1997ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டப்படி ஆட்சிமன்றமே நியமிக்கிறது, அதன் உறுப்பினர்களில் குறைந்தது 60 விழுக்காட்டினர் பல்கலைக்கழக ஊழியரோ மாணவரோ அல்லாதவராக இருக்க வேண்டும்.

கணக்குகள் ஒழுங்காக இருந்து, வகுப்புகள் மட்டும் அடிக்கடி தடைபடும் இடத்துக்கு உள்ளாளே பொருத்தம். தணிக்கையிலேயே ஓட்டை தெரிந்தால், முதலாண்டின் தடுமாற்றத்தைப் பொறுத்துக்கொண்டாவது வெளியாளையே நான் தேர்ந்தெடுப்பேன்.