தாரெஸ்ஸலாமிலிருந்து முத்வாரா வரை: தெற்குச் சாலையில் கார் ஓட்டப் போகிறவர்களுக்கு

தான்சானியாவுக்குப் போகிறேன் என்று சொன்னால் செரெங்கெட்டியா, சான்சிபாரா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். தாரெஸ்ஸலாமில் உப்பாங்கா பகுதியில் வளர்ந்த எனக்கு அந்த இரண்டையும்விடத் தெற்குக் கடலோரம்தான் பிடிக்கும். டொரொண்டோவிலிருந்து இந்தமுறை ஊருக்குப் போனபோது குடும்பத்தோடு முத்வாரா வரை காரிலேயே போனோம். ஏறக்குறைய 560 கிலோமீட்டர், முழுக்கத் தார்ச்சாலை. சின்ன வயதில் ரூஃபிஜி ஆற்றங்கரையில் படகுக்காக லாரிகளோடு வரிசையில் காத்திருந்தது நினைவிருக்கிறது. 2003-இல் ம்காப்பா பாலம் வந்தபிறகு ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளமுள்ள அந்தப் பாலத்தில் ஆற்றை இரண்டு நிமிடத்தில் தாண்டிவிடலாம்.

முதலில் சிம் கார்டு. கடவுச்சீட்டும் கைரேகையும் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும்; விமான நிலையத்திலேயே முடித்துவிடுங்கள். அந்த எண்ணிலேயே எம்-பெசா மாதிரி ஒரு கைபேசிப் பணக் கணக்கையும் திறந்துகொள்ளுங்கள். தெற்கே போகப்போக அட்டையை ஏற்கும் கடைகள் குறைந்துகொண்டே வரும். கைபேசிப் பணம் பெட்ரோல் பங்க், விடுதி, மீன் கடை என்று எங்கும் செல்லும். மூலைக்கு மூலை 'வகாலா' என்கிற முகவர் கடை இருக்கிறது, பணம் போடலாம், எடுக்கலாம். டாலரை நம்பிப் போகாதீர்கள். உள்நாட்டு விலையை ஷில்லிங்கில்தான் சொல்ல வேண்டும், வாங்க வேண்டும் என்று 2025-இல் விதியே வந்துவிட்டது. சில்லறை நோட்டுகளும் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள், இளநீர்க்காரரிடம் பத்தாயிரம் ஷில்லிங் தாளை நீட்டினால் பாவம், அவர் மாற்றுவதற்குப் பக்கத்துக் கடைக்கு ஓட வேண்டியிருக்கும்.

வண்டி இந்தியா, இலங்கை மாதிரி இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி எடுத்துப் போங்கள். வாடகைக் கார் வாங்கும்போது சக்கரத்தையும் கீறலையும் மட்டும் பார்த்தால் போதாது. தீயணைப்பு உருளையின் தேதி, இரண்டு எச்சரிக்கை முக்கோணங்கள், காப்பீடு, எல்லாவற்றையும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். எங்களுக்குக் கார் கொடுத்த நிறுவனம் காலாவதியான உருளையை வைத்து அனுப்பியிருந்தது. கிபிட்டி தாண்டி வெள்ளைச் சீருடைப் போக்குவரத்துக் காவலர் நிறுத்தினார். பின்பக்கக் கதவைத் திறக்கச் சொல்லி, உருளையைத் திருப்பி, ஒட்டியிருந்த சீட்டில் தேதியை விரலால் காட்டினார். அபராதம் முப்பதாயிரம் ஷில்லிங். கையில் பணம் வாங்கவில்லை. கருவியில் வண்டி எண்ணைத் தட்டியதும் செலுத்து எண் ஒன்று வந்தது, நின்ற இடத்திலிருந்தே கைபேசியில் கட்டினேன், ரசீது குறுஞ்செய்தியாக வந்தது. யாராவது ரசீதில்லாமல் பணம் கேட்டால் இந்தச் செலுத்து எண்ணைத்தான் கேட்க வேண்டும். அபராதத் தொகையை நிறுவனம் பிறகு வாடகையில் குறைத்துக்கொண்டது, ஆனால் அதற்கு நிறைய வாதாட வேண்டியிருந்தது.

காவலரோ கடைக்காரரோ, விஷயத்துக்கு வருமுன் வணக்கமும் நலம் விசாரிப்பும் அங்கே கட்டாயம். வயதில் மூத்தவரிடம் 'ஷிகமோ' சொல்லிவிட்டுப் பேசிப் பாருங்கள், முகமே மாறும்.

இந்தச் சாலையில் அபராதத்துக்கு முக்கியமான காரணம் வேகம். ஒவ்வொரு ஊர் தொடங்கும் இடத்திலும் 50 என்று பலகை இருக்கும். வீடுகள் முடிந்துவிட்டன என்று நினைத்து அழுத்திவிடக்கூடாது. முடிவுப் பலகையைக் கண்ணால் பார்த்தபிறகுதான் வேகம் கூட்டலாம், மரத்தடியில் வேகமானியோடு ஆள் நிற்பார். எதிரே வரும் லாரி விளக்கை மின்னினால் அதற்குத்தான். அபராதத்தை விடுங்கள், பள்ளி விடும் நேரத்தில் சாலையோரம் முழுக்கக் குழந்தைகள். அந்த ஐம்பதை மனதார மதியுங்கள். இருட்டியபிறகு ஓட்டவே வேண்டாம். விளக்கில்லாத சைக்கிள், ஆடு, பழுதாகி நடுச்சாலையில் நிற்கும் சிமெண்ட் லாரி, எதுவும் கிட்டே போகும்வரை தெரியாது.

புறப்படும் நேரமும் முக்கியம். தாரெஸ்ஸலாமின் தெற்குப் பகுதியான ம்பகாலாவின் நெரிசலைத் தாண்டவே நேரம் போய்விடும், அதனால் விடியுமுன் வீட்டைவிட்டுக் கிளம்புங்கள். அங்கே மணிக்கணக்கு நம் நாழிகை மாதிரி விடியலிலிருந்து தொடங்கும். விடுதிக்காரர் காலை உணவு ஒரு மணிக்கு என்றால் ஏழு மணிக்கு என்று அர்த்தம். மார்ச் முதல் மே வரை பெருமழை. 2024 மே மாதம் ஹிதாயா புயலின்போது சொமாங்கா பக்கம் சாலையே அறுந்து, லாரிகளும் பேருந்துகளும் இருபுறமும் மாட்டிக்கொண்டன. ஜூனிலிருந்து அக்டோபருக்குள் போவதுதான் நல்லது.

நங்குருக்குருவில் இடப்பக்கம் திரும்பினால் கில்வா மசோக்கோ. இங்கே இரண்டு இரவாவது தங்குங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். எதிரே தெரியும் கில்வா கிசிவானி தீவு ஒருகாலத்தில் தங்க வணிகத்தில் கொழித்த நகரம், சொந்தமாக நாணயம் அடித்த நகரம். 1331-இல் இபன் பதூதா வந்து வியந்து எழுதியிருக்கிறார். மசோக்கோவில் அனுமதிச்சீட்டு வாங்கி, வழிகாட்டியோடு படகில் போக வேண்டும். பவளக்கல்லால் கட்டிய பெரிய மசூதியில், கூரை விழுந்த பகுதியில் வெயில் வரிவரியாக இறங்குகிறது. தூணைத் தொட்டால் கல்லில் பவளத்தின் துளைகள் விரலில் படுகின்றன. 1981-இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் இடம், நாங்கள் போன காலையில் வேறு ஒருவரும் இல்லை. தீவில் நிழலும் கடையும் குறைவு, தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. சோறும் பீன்ஸ் குழம்பும், தேங்காய்ப்பாலில் மீன், சப்பாத்தி எங்கும் கிடைக்கும். சைவக்காரர்களும் பசியாறலாம், குழம்பில் இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். லிண்டி தாண்டினால் முந்திரிக் காடுதான். தான்சானியப் பச்சைக் கொட்டை பெரும்பாலும் இந்தியாவுக்கும் வியட்நாமுக்கும் கப்பலேறுகிறது. வறுத்த பருப்பைச் சாலையோரம் பெண்கள் விற்பார்கள், பேரம் பேசாமல் வாங்குங்கள். பிளாஸ்டிக் பை 2019 ஜூனிலிருந்து நாடு முழுக்கத் தடை, துணிப்பை கொண்டுபோங்கள்.

மருந்துப் பை அவசியம். மலேரியா மாத்திரையை ஊரிலிருந்தே மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள். ஊர்க்காரன்தானே, எனக்கென்ன என்று நினைக்காதீர்கள், வெளிநாட்டில் வருடக்கணக்காக இருந்தவர்களுக்கு அந்த எதிர்ப்புச் சக்தி போய்விடும். கென்யா, எத்தியோப்பியா வழியாக வருகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழைக் கையிலேயே வைத்திருங்கள்.

திரும்பவும் அவ்வளவு தூரம் ஓட்ட வேண்டாம் என்றால் முத்வாராவிலிருந்து தாரெஸ்ஸலாமுக்கு விமானம் உண்டு. காரை அங்கேயே விடலாமா, அதற்கு எவ்வளவு என்பதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.